இரண்டு பல் குறைவு

எனக்கு நடக்க வரும். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவில் பாதிப் பேர் நான் நடக்கவே மாட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தையாக இருந்தபோது வந்த இளம்பிள்ளை வாதம் இடது காலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது. தொடையிலிருந்து கணுக்கால் வரை இரும்புச் சட்டம் மாட்டி, முழங்கால் பக்கத்தில் இருக்கும் பூட்டைப் போட்டால் அந்தக் கால் கம்பம் மாதிரி நிற்கும். இடது கையில் ஓர் ஊன்றுகட்டை. அப்படியே வீட்டுக்குள்ளும் தெருமுனைக் கடை வரைக்கும் நடப்பேன். அதற்கு மேல் என்றால் யாராவது கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

சேக்காட்டில் எங்கள் வீடு. அப்பா இல்லை. அம்மா, அண்ணன், அவன் தங்கை நான். எழுபதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குக் கம்பிச்சுருள், அதாவது காயில், சுற்றும் வேலை கிடைத்தது. நாள் முழுக்க உட்கார்ந்து செய்கிற வேலை. செம்புக் கம்பியை அச்சில் சுற்ற வேண்டும், கணக்குத் தவறாமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல். விரல்தான் வேண்டும், கால் வேண்டாம். ஆனால் அந்த நாற்காலி வரைக்கும் போய்ச் சேரக் கால் வேண்டுமே.

முதல் வாரம் ரயிலில் போய்ப் பார்த்தேன். ஆவடி ஸ்டேஷனில் ஏறும்போது பின்னாலிருந்து தள்ளிய கூட்டத்தில் சட்டம் மாட்டிய கால் படிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே போய்விட்டது. கீரைக் கூடையோடு நின்ற ஓர் அம்மாள் கூடையைப் போட்டுவிட்டு என் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். வண்டி கிளம்புவதற்குள் கால் வந்துவிட்டது, செருப்பு வரவில்லை. அன்றோடு ரயில் முடிந்தது.

அண்ணனும் எஸ்டேட்டில்தான் ஒரு லேத் பட்டறையில் டர்னராக இருந்தான். அவன் முதலாளி புது வண்டி எடுத்தபோது பழைய ஸ்கூட்டரை அவனுக்குத் தள்ளிவிட்டார். பின்சீட்டில் என்னால் உட்கார முடியாது. பக்கவாட்டில் உட்கார்ந்தால் சட்டம் நீட்டிக்கொண்டு வருகிறவன் போகிறவனை எல்லாம் இடிக்கும். பூந்தமல்லியில் வண்டிகளுக்குச் சைடு கார் கட்டிக் கொடுக்கும் ஒரு பாய் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, அண்ணன் அங்கே விட்டான். நீல நிறத்தில் ஒரு தொட்டி, முன்பக்கம் மூக்கு மாதிரி குறுகி, இடது பக்கம் ஒற்றைச் சக்கரத்தோடு வந்து சேர்ந்தது. தெருவில் எல்லாரும் அதைத் தொட்டி என்றே சொன்னார்கள். நாங்களும் அப்படியே சொல்லப் பழகினோம்.

தொட்டியில் ஏறுவது ஒரு வேலை. முழங்கால் பூட்டை எடுத்து, காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து, மடக்கி, பிறகு இடுப்பை இறக்க வேண்டும். உட்கார்ந்த பிறகு காலை நீட்டிப் பூட்ட உள்ளே இடம் இல்லை. பூட்டாமல் எழுந்து நிற்க முடியாது. ஆகவே யாராவது என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால்தான் வெளியே வரலாம். ஏறுகிற வரைக்கும் நான் ஒரு ஆள். ஏறிய பிறகு சாமான்.

அண்ணன் கெட்டவன் இல்லை. ஆனால் சாயங்காலம் எஸ்டேட் முனையில் டீ குடிக்காமல் அவனால் வீட்டுக்கு வர முடியாது. வண்டியைக் கடை வாசலில் நிறுத்திவிட்டுப் போவான். அவன் கூட்டாளிகள் இருப்பார்கள், பேச்சு நீளும். மேற்கு வெயில் முகத்தில் அடிக்க, நான் தொட்டிக்குள் உட்கார்ந்திருப்பேன். சிலர் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போவார்கள். சிலர் நின்று பார்ப்பார்கள். ஒருநாள் ஒரு கிழவி என் மடியில் ஒரு காசைப் போட்டுவிட்டுப் போனாள். அதை அண்ணனிடம் சொல்லவில்லை. டீ எனக்கும் வரும், கண்ணாடி டம்ளரில். குடித்த டம்ளரை யாரும் வாங்கிக்கொள்ள வராமல் கையில் பிடித்தபடியே காத்திருந்த நாட்கள் உண்டு.

கொஞ்ச நாளிலேயே வண்டி திணற ஆரம்பித்தது. இரண்டு பேருக்காகச் செய்த இன்ஜின். அதன் தலையில் இரும்புத் தொட்டியும் ஒரு சக்கரமும் என் சட்டமும் நானும். கிளம்பும்போது கிளட்ச் தீய்ந்த நாற்றம் வரும். மூன்றாம் கியரில் போட்டால் இருமும். திரும்ப இரண்டுக்கு வந்தால் அலறும். கோடையில் ஒருநாள் திருமுல்லைவாயில் பக்கம் புகை விட்டு நின்றுபோனது. மறுநாள் ஞாயிறு. பாயிடம் கொண்டு போனோம்.

அவர் தொட்டியையும் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா நைனா, ஒரு ஆட்ட கட்டி யானைய இஸ்துக்கினு போறியே, அது செத்துப் பூடாதா?"

"யானை நான்தானா பாய்?" என்றேன்.

"அய்ய, உன்ன சொல்லல தங்கச்சி. தொட்டிய சொன்னேன்" என்று அவசரமாகச் சொன்னார். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

பிறகு அண்ணனிடம் குந்தியபடி விளக்கினார். இன்ஜினிலிருந்து ஒரு சின்னப் பல் சக்கரம் சங்கிலியை இழுக்கிறது. சங்கிலி பின்னால் இருக்கும் பெரிய பல் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்த முன் சக்கரத்தில் இரண்டு பல் குறைந்ததைப் போட்டுவிட்டால் போதும்.

"இன்ஜினுக்கு கீற தெம்பு அதேதான் நைனா. அத்த ஓடறதுக்கு செலவு பண்றியா, இழுக்கறதுக்கு செலவு பண்றியா, அதான் விசயம். பல்ல கொறச்சா, சக்கரம் ஒரு சுத்து வர்றதுக்குள்ள இன்ஜின் இன்னும் கொஞ்சம் சேத்து சுத்தும். இழுவ வந்துரும். ஓட்டம் பூடும்."

"ரெண்டும் வோணும்னா?"

"ரெண்டும் வோணும்னா வேற வண்டி வாங்கு."

அண்ணன் டர்னர். அவனுக்கு இது தெரியாததில்லை. தெரிந்துதான் அந்தக் கேள்வியைக் கேட்டான் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. எனக்கும் புரிந்தது. நான் காயில் சுற்றும் இயந்திரத்திலும் இதே வேலைதான். கம்பி தடித்தால் பல் சக்கரத்தை மாற்றுவோம். சின்னச் சக்கரம் பெரியதைச் சுழற்றினால் பெரியது மெதுவாகச் சுற்றும், ஆனால் கையை வைத்து நிறுத்திவிட முடியாது. பெரியது சின்னதைச் சுழற்றினால் பறக்கும். விரல் பட்டாலே நின்றுவிடும்.

பாய் இரண்டு பல் குறைந்ததைப் போட்டார். வீட்டுக்குத் திரும்பும்போதே வித்தியாசம் தெரிந்தது. முதல் கியரில் யாரோ பின்னாலிருந்து பதமாகத் தள்ளுவது போலக் கிளம்பியது. மணல் சேர்ந்த இடத்தில் திணறாமல் ஏறியது. கிளட்ச் நாற்றம் இல்லை. எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. ஆனால் நெடுஞ்சாலைக்கு வந்து நான்காம் கியரில் முழுசாக முறுக்கியும் முள் நாற்பதை ஒட்டி நின்றுவிட்டது. இன்ஜின் மட்டும் காதைப் பிளந்தது. லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக எங்களைத் தாண்டிப் போயின. ஒரு ஸ்கூட்டர்காரன் தாண்டும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அண்ணன் தாடையை இறுக்கிக்கொண்டதைக் கீழிருந்து பார்த்தேன். தொட்டியில் உட்கார்ந்தால் ஓட்டுகிறவனின் தாடை நன்றாகத் தெரியும்.

அதன் பிறகு அவன் வீட்டிலும் அப்படியே இருந்தான். அவனுக்கு ஓவர்டைம் கிடைத்தாலும் என் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு வந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகள் செங்குன்றம் ஏரிக்குக் கிளம்பினால் இவன் தொட்டியோடு போக முடியாது. கழற்றினால் பாதி நாள் போய்விடும், திரும்ப மாட்டினால் சக்கரம் நேராக நிற்காது. ஒருமுறை கழற்றிவிட்டுத் தனியாகப் போய்ப் பார்த்தான். அந்தக் குறைந்த பல்லோடு வண்டி அப்போதும் கத்தியதே தவிர ஓடவில்லை. எல்லாருக்கும் பின்னால் போய்ச் சேர்ந்து எல்லாருக்கும் பின்னால் திரும்பி வந்தான்.

அந்த வருஷம் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். வாசலில் நின்ற தொட்டியைப் பெண்ணின் மாமா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். காப்பி குடித்துக்கொண்டே அம்மாவிடம் மெல்லக் கேட்டார்.

"உங்க பொண்ணு கடைசி வரைக்கும் உங்களோடயே கீறதா?"

பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்கும் என்பது அவருக்கும் தெரியும். அம்மா, "அவ சம்பாதிக்கிறா" என்றாள். கேட்டதற்கு அது பதில் இல்லை. அந்தச் சம்பந்தம் அதோடு நின்றுபோனது. அண்ணன் வாசலில் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து வெகுநேரம் பீடி குடித்தான். நான் உள்ளே, அவன் வெளியே. இரண்டு பேரையும் கட்டியிருந்தது அதே வண்டிதான். அவனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. என்னைப் பார்க்க அவனுக்கும் பாவமாகத்தான் இருந்திருக்கும். அந்தப் பாவத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, தெருவைத் தாண்டுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் மாறியிருந்தது. முதல் கியர் நீளமாக இழுத்தது. இரண்டுக்குப் போகும்போது வண்டி ஒரு நொடி தலைகுனிந்து யோசித்தது.

"அண்ணா, பல்ல மாத்திட்டியா?"

"இன்னாத்த மாத்தறாங்க?"

"முன்னால கீறத. பழச போட்டுட்டியா?"

"உனுக்கு இன்னா தெரியும்? கம்முனு வா."

நெடுஞ்சாலையில் அவன் முறுக்கினான். முள் ஐம்பதைத் தாண்டியது. காற்று என் முகத்தில் அடித்தது, முந்தானை பறந்தது. உண்மையைச் சொன்னால் அது நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் பல வாரங்களுக்குப் பிறகு விசில் அடித்தான். ஆனால் எஸ்டேட் திருப்பத்தில் நிறுத்திக் கிளம்பும்போது பழைய நாற்றம் லேசாக வந்தது. அன்று சாயங்காலமும் கேட்டேன். மாற்றவில்லை என்றே சாதித்தான். கேட்டுக் கேட்டு அலுத்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "அவனும் ஆம்பளப் புள்ளதானே, போனா போவுது" என்றாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அது நடந்தது. அம்மா மாங்காட்டு அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, எங்களோடு வீட்டுக்கு வரலாம் என்று எஸ்டேட் வாசலில் வந்து காத்திருந்தாள். கையில் தேங்காயும் பழமும் வழியில் வாங்கிய அரிசியுமாக ஒரு பெரிய பை. பையை என் காலடியில் திணித்துவிட்டு அவள் பின்சீட்டில் உட்கார்ந்தாள். மத்தியானம் மழை பெய்து சாலை நனைந்திருந்தது. விளக்கு வைக்கும் நேரம். ஆவடி தாண்டி எங்கள் பக்கம் திரும்ப ரயில்வே கேட்டைக் கடக்க வேண்டும். தண்டவாளம் சாலையைவிட உயரம், இரண்டு பக்கமும் சின்ன ஏற்றம்.

நாங்கள் வரும்போதே கேட் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. கேட் போட்டால் அரைமணி நேரம் ஆகும். அண்ணன் முறுக்கினான்.

"வோணாண்டா" என்றாள் அம்மா.

"போயிரலாம்."

முதல் கேட்டைத் தாண்டி ஏற்றத்தில் ஏறினோம். வேகம் குறைந்தது. மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தான். இரண்டு போதவில்லை. ஒன்றுக்கு வர கிளட்சைப் பிடித்தபோது வண்டி நின்றேவிட்டது. விட்டதும் ஒரு குலுக்கல், இன்ஜின் அணைந்தது. நாங்கள் நின்றது சரியாகத் தண்டவாளத்தின் மேல். முன்னால் கேட் கம்பம் இறங்கிவிட்டது. பின்னால் இருந்ததும் இறங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் கிக்கரை உதைத்தான். உதைத்தான். மறுபடி உதைத்தான். பெட்ரோல் நாற்றம்தான் வந்தது. அம்மா குதித்து இறங்கினாள். அவன் இறங்கித் தள்ளினான். வண்டி ஓர் அடி நகர்ந்து நின்றது. தொட்டிச் சக்கரம் தண்டவாளத்தின் ஓரப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டது.

"எறங்குடி! எறங்கு!" என்று கத்தினான்.

இறங்கு என்கிறான். என்னிடம். நான் இரண்டு கைகளையும் விளிம்பில் ஊன்றி உந்திப் பார்த்தேன். கால் அரிசிப் பைக்கும் தகரத்துக்கும் நடுவில் மாட்டியிருந்தது. பை நகரவில்லை, கால் நகரவில்லை. அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். தோள்தான் வலித்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் எல்லாரும் சேர்ந்து ஏதோ கத்தினார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. தண்டவாளத்தின் இரும்பு மணம், ஈர மண் மணம். தகரம் லேசாக அதிர்வது உட்கார்ந்த இடத்தில் தெரிந்தது. அழக்கூடத் தோன்றவில்லை. 'இந்தத் தொட்டியோடு போகிறேன்' என்று மட்டும் நினைத்தேன்.

கேட்காரர் கொடியை வீசிக்கொண்டே ஓடி வந்தார். சைக்கிள்காரர்கள் இரண்டு பேர் கம்பத்துக்கு அடியில் குனிந்து நுழைந்து வந்தார்கள். "தூக்குடா, தூக்கு, தள்ளாத, தூக்கு!" என்று கேட்காரர் அதட்டினார். தொட்டியை என்னோடு சேர்த்து அப்படியே தூக்கினார்கள். சக்கரம் பள்ளத்திலிருந்து வெளியே வந்தது. முன்னால் உருட்டி, கம்பத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே இருந்த குறுகலான இடத்தில் கொண்டு நிறுத்தினார்கள். கம்பத்தைத் தூக்க நேரமில்லை. "ஆரும் அசையாதீங்க" என்றார் கேட்காரர்.

சரக்கு வண்டி வந்தது. நான் வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்க்க இடமில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கழுத்தை ஒடித்துப் பார்த்தால் என் தலை உயரத்தில் சக்கரங்கள். நீராவியும் கரித்தூளும் முகத்தில் அடித்தன. முன்னால் கேட் கம்பம், பின்னால் முடியாத சரக்கு வண்டி. பெட்டி பெட்டியாக, பெட்டி பெட்டியாக, அது போய்க்கொண்டே இருந்தது. அம்மா என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அண்ணன் வண்டியின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான்.

கேட் திறந்த பிறகு கேட்காரர் அவனைத் திட்டாத திட்டு இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தோம். வாசலில் நிறுத்தி, என்னைத் தூக்கி வெளியே எடுத்து, பூட்டைப் போட்டுவிட்டு, அவன் சாக்கடை ஓரம் போய் வாந்தி எடுத்தான். பிறகு அம்மா காலடியில் வந்து உட்கார்ந்தான்.

"மாத்தினேம்மா. நாந்தான் மாத்தினேன்."

அம்மா அவன் முதுகில் இரண்டு அடி வைத்தாள். பிறகு அவளே தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் பூந்தமல்லிக்குக் கிளம்பியபோது நானும் வருகிறேன் என்றேன். பாய் மறுபடி குறைந்த பல்லைப் போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"பாய், இத்த நான் ஓட்ட முடியுமா?"

"நீயா? வோணாம்மா. இது பொம்பள ஓட்ற வண்டி இல்ல."

"எதனால?"

அவர் என் சட்டத்தைப் பார்த்தார். "கால் வோணுமே" என்றார்.

நான் முந்தின இரவு முழுக்க அதையேதான் யோசித்திருந்தேன். கிக்கர் வலது பக்கம். பிரேக் வலது காலுக்கு. கிளட்சும் கியரும் இடது கையில். தொட்டி இருப்பதால் வண்டி சாயாது, நிறுத்தும்போது காலை ஊன்ற வேண்டியதில்லை. இடது காலுக்கு இந்த வண்டியில் ஒரு வேலையும் கிடையாது. அதைச் சொன்னேன். பாய் வண்டியைச் சுற்றி வந்தார். "அட, ஆமா" என்றார். ஆனாலும், "ரோட்ல நாலு பேர் சிரிப்பான்" என்றார்.

"ஓட்டட்டும் பாய்" என்றான் அண்ணன். அவன் குரலில் இருந்தது அன்பா, விட்டது தொல்லை என்ற நிம்மதியா என்று நான் ஆராயவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

ஏரிக்கரைக்குப் பக்கத்தில் இருந்த வெற்றுத் திடலில் பழகினேன். அண்ணன் பின்சீட்டில் உட்கார்ந்துகொள்வான். தொட்டி கட்டிய வண்டி நேராகப் போகாது. முறுக்கினால் இடப்பக்கம் இழுக்கும், பிரேக் போட்டால் வலப்பக்கம் தள்ளும். இடது பக்கம் வேகமாகத் திரும்பினால் தொட்டி தரையை விட்டுக் கிளம்பும். முதல் தடவை அது கிளம்பியபோது அண்ணன் அலறியது திடலின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது. கட்டை பிடித்துப் பழகிய கை என்பதால் கிளட்ச் எனக்குக் கனமாகத் தெரியவில்லை. கியரைச் சத்தம் கேட்டுத்தான் மாற்றினேன். இன்ஜின் கேட்கும்போது கொடுத்தால் வண்டி கோபித்துக்கொள்ளாது. குறைந்த பல் எனக்கு நல்லதாகப் போயிற்று. தப்பான கியரில் கிளம்பினாலும் இழுத்துவிடும்.

லைசென்ஸ் வாங்க ஒன்றுக்கு இரண்டு தடவை போக வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட வண்டியை இப்படிப்பட்ட ஆள் ஓட்டலாமா என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கிடைத்தது. தான் ரயிலில் போய்க்கொள்வதாகச் சொல்லி அண்ணன் வண்டியை என்னிடம் விட்டான். நான் தனியாக வேலைக்குப் போகப் போகிறேன் என்ற நினைப்பில் முந்தின நாளே புடவையை மடித்து வைத்துவிட்டேன்.

காலையில் வாசலுக்கு வந்தால் அம்மா தொட்டியில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கம்மா?"

"உன்னோடதான். ஒண்டியா ரோட்ல போவியா? எவனாவது எதனா சொன்னா?"

அன்று தொடங்கியது. தினமும் காலையில் அம்மா தொட்டியில். என்னை எஸ்டேட்டில் விட்டுவிட்டு, அதாவது நான் அவளை அங்கே கொண்டு போய் இறக்கிவிட்டு, அவள் பஸ் பிடித்து வீட்டுக்குத் திரும்புவாள். சாயங்காலம் மறுபடி பஸ்ஸில் வந்து வாசலில் நிற்பாள். வழி நெடுக, "மெதுவா, லாரி வருது, மெதுவா." நாற்பதுக்கு மேல் போகாத வண்டியில் இன்னும் என்ன மெதுவாகப் போவது? ஆனால் அவளை இறக்கிவிட எனக்கு வழியில்லை. காலித் தொட்டி திருப்பத்தில் கிளம்பும் என்று அண்ணன் வேறு அவளிடம் சொல்லி வைத்திருந்தான். பாரம் வேண்டும், பாரமாக அம்மா இருந்தாள். முன்பு நான் சாமானாக உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது அவள். ஆனாலும் அவள்தான் என்னை ஓட்டிக்கொண்டு போகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஒரே ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல். நான் தனியாகப் போனேன். சாயங்காலம் திரும்பும்போது வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே பூந்தமல்லிச் சாலையில் விட்டேன். எங்கே போகிறேன் என்று தெரியாது. ஆள் இல்லாத இடத்தில் முழுசாக முறுக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பாரம் இல்லாததால் முள் நாற்பத்தைந்தைத் தொட்டது. அதோடு சரி. இன்ஜின் தன்னால் முடிந்த சுற்றெல்லாம் சுற்றித் தீர்த்துவிட்டது. அதற்கு மேல் கொடுக்க அதனிடம் தெம்பு மிச்சம் இருந்திருக்கலாம், ஆனால் அதைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கப் பல் இல்லை. என் கை இன்னும் முறுக்கிப் பார்த்தது. ஒரு பஸ் என்னைத் தாண்டிப் போனது. ஜன்னலோரத்தில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணனின் தாடை ஏன் அப்படி இறுகியது என்று அன்றுதான் என் தாடையில் தெரிந்தது. அங்கேயே வண்டியைத் திருப்பி, அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பழைய பல்லையே போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காமல் இல்லை. மறுநாளே அம்மா எழுந்து தொட்டியில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வருஷம் அண்ணனுக்கு வேறு இடத்தில் பெண் அமைந்தது. இந்த முறை வாசலில் வண்டி நின்றதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதை ஓட்டுகிறவள் நான்தான் என்று தெரிந்ததும் பெண்ணின் அப்பா சிரித்தார். கல்யாணமாகி ஆறு மாதத்தில் திருநின்றவூரில் வீட்டு வாடகை மலிவு என்று அவன் அங்கே குடிபோனான். ரயிலில் தொங்கிக்கொண்டு எஸ்டேட்டுக்கு வருவான். ஸ்டேஷன் பக்கம் பார்த்தால் கையைத் தூக்குவான். இளைத்து, கறுத்து, சிரித்த முகமாக இருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தான். சாப்பிட்ட பிறகு, வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போனான். ஏரி வரை போய் வந்து மணிக்கட்டை உதறிக்கொண்டே இறங்கினான்.

"யப்பா, இன்னா கத்து கத்துது. போவவே மாட்டேங்குது. நீ எப்டிமா தெனம் இத்த வச்சிக்கினு கீற?"

"பழகிப் போச்சு."

"திருநின்றவூர் வாயேன். பத்து நாள் இரு. கொழந்தையோட பொழுது போவும்."

"வர்லாம். அம்மாவ ஆரு பாத்துப்பாங்க? முட்டி வலியோட பஸ் ஏற மாட்டேங்குது. என்னோட வந்து எஸ்டேட் வாசல்லயே நாள் பூரா குந்திக்கினு கீது."

உள்ளே அம்மா குழந்தையைக் கொஞ்சும் சத்தம் கேட்டது. அவன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான்.

"வண்டிக்கு நேரமாய்டுச்சு" என்றான். அண்ணி குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவர்கள் தெருமுனையில் திரும்பும் வரை அம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

"நாளைக்கு ஒரு தலகாணி போட்டுக்கினு குந்தறேன்" என்றாள். "அந்தத் தகரம் இடுப்ப குத்துது."

நான் சரி என்றேன். தலகாணி எது என்று கேட்டு, அதற்கு ஒரு பழைய புடவையில் உறை தைக்க உட்கார்ந்தேன்.